உட்கார வைத்தே அனுப்பாதீர்கள்: முதியோர் விழும் அபாயத்தைக் கிளினிக்கிலேயே கணிப்பது

லஸ் முனைப் பக்கமோ, தி.நகர் உள்தெரு ஒன்றிலோ, அடையாறு காந்தி நகரிலோ மாலைக் கிளினிக் நடத்துகிறீர்கள் என்றால், உங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வருவார்கள், உட்காருவார்கள், உட்கார்ந்தபடியே கையை நீட்டுவார்கள். பி.பி. பார்த்துப் பழைய மாத்திரையையே எழுதித் தருவீர்கள். அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கதவு வரை எப்படி நடந்தார் என்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குள் அடுத்தவரின் ஃபைல் கைக்கு வந்திருக்கும். விழும் அபாயம் தெரிகிற இடமே அதுதான்.

இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேர்விட்டது நம் ஊரில். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கென்று தனி ஓ.பி. தொடங்கினார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1996இல் எம்.டி. படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான முதியவர்கள் அங்கெல்லாம் போவது இடுப்பு முறிந்த பிறகுதான். அதற்கு முந்தைய ஐந்தாறு வருஷமும் அவர்கள் வந்து போவது உங்கள் கிளினிக்குக்கு.

விழுவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முன்னுரை இத்துடன் போதும்.

## தயார் செய்துகொள்ள வேண்டியவை

- கை வைத்த நாற்காலி ஒன்று, உட்காரும் உயரம் சுமார் 46 செ.மீ. கை இல்லாத நாற்காலி ஒன்று, 43 செ.மீ. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். எழும்போது பின்னால் சறுக்கும். எந்த நாற்காலியானாலும் முதுகு சுவரில் முட்டி நிற்கட்டும்.
- தரையில் 3 மீட்டருக்கு ஒட்டிய கலர் டேப். பத்துக்குப் பத்து அறையில் மேசை போக இடம் மிஞ்சாது. வராண்டாவில் ஒட்டுங்கள், வண்டி நிற்காத பக்கமாக.
- படுக்க வைக்க ஒரு கட்டில், பி.பி. கருவி, போனில் ஸ்டாப்வாட்ச்.
- 10 கிராம் மோனோஃபிலமென்ட், 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் வருகையில் கேள்விகளும் நடைச் சோதனையும். "அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மீதியை இரண்டாம் வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து பி.பி. பார்ப்பதை நர்ஸிடம் ஒப்படைத்தால், உங்கள் நேரம் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது.

## படி 1: கேளுங்கள், ஆனால் தனியாக

65 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் வருஷத்துக்கு ஒரு முறையாவது மூன்று கேள்விகள்:

1. போன ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? எத்தனை தடவை?
2. நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிற மாதிரி இருக்கிறதா?
3. விழுந்துவிடுவோமோ என்று பயம் இருக்கிறதா?

ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

கேட்டவுடன் உண்மை வராது. "விழல்லாம் இல்லை டாக்டர், பாத்ரூம்ல லேசா வழுக்கிடுத்து, அவ்வளவுதான்" என்பார் மாமி. அதுவும் விழுந்த கணக்குதான். தரையிலோ, தாழ்வான வேறு இடத்திலோ தன்னை அறியாமல் போய்ச் சேர்ந்தாலே எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு வருஷத்தில்" என்று கேட்டால் ஞாபகம் வராதவருக்கு, "போன தீபாவளிக்கு அப்புறம் எப்பவாவது கால் தவறித் தரையில உட்கார வேண்டியதாப் போச்சா, மாமி?" என்று கேட்டால் வரும்.

மகன் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள். தெரிந்தால் கோயிலுக்குத் தனியாக விடமாட்டார்கள், டிசம்பர் கச்சேரி போகும், வீட்டில் அட்டெண்டர் வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஹோம் என்ற பேச்சு எழும். இந்தப் பயம் நியாயமானது. மகனைப் பக்கத்து மருந்துக்கடைக்கு ஒரு சீட்டோடு அனுப்புங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் கேளுங்கள். பிறகு மகனிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் மறதியைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

விழுந்தது உண்மை என்றால் அந்த ஒரு சம்பவத்தைத் துருவுங்கள். என்ன நேரம், எங்கே, எதற்காக எழுந்தார், விழுமுன் கண் இருட்டியதா, தலை சுற்றியதா, தடுக்கியதா, தானாக எழுந்தாரா, எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார். "எப்படி விழுந்தேன்னே தெரியலை, கண்ணைத் திறந்தா கீழ கிடக்கேன்" என்கிறவர் தடுக்கி விழுந்தவர் அல்ல. நினைவு தப்பியிருக்கலாம். அவருக்கு நடைச் சோதனைக்கு முன் ஈ.சி.ஜி. எடுங்கள், இதயத்தில் மர்மர் கேட்கிறதா என்று பாருங்கள், இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

## படி 2: நடக்க விடுங்கள்

இதற்கு டைம்டு அப் அண்ட் கோ என்று பெயர். பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்ஸனும் 1991இல் வெளியிட்டது.

1. கை வைத்த நாற்காலியில் முதுகு சாய உட்கார வையுங்கள். வழக்கமாகப் பிடிக்கும் தடி இருந்தால் கையில் இருக்கட்டும்.
2. "நான் சொன்னதும் எழுந்து, எப்பவும் போல நடந்து, கோட்டைத் தொட்டுத் திரும்பி வந்து உட்காருங்க. வேகமா வேண்டாம்." ஒரு தடவை செய்துகாட்டுங்கள்.
3. "போங்க" என்றதும் ஸ்டாப்வாட்ச். மறுபடி முதுகு நாற்காலியில் படும்போது நிறுத்துங்கள்.
4. நர்ஸ் பக்கத்தில், அரை அடி பின்னால் நடக்கட்டும். கையைப் பிடிக்கக் கூடாது. பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் அபாயம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். 2022இல் வந்த உலக வழிகாட்டுதல் 15 விநாடிக்கு மேல் என்று வைத்திருக்கிறது. என் சிபாரிசு: 12 என்றால் கவனம், 15 தாண்டினால் பிசியோதெரபி சீட்டு.

ஆனால் விநாடியை மட்டும் எழுதி ஃபைலை மூடுவது வீண். திரும்பும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். நாலைந்து சின்ன அடி வைத்து உடம்பை மொத்தமாகத் திருப்புகிறவர், கை வீசாமல் நடக்கிறவர் என்றால் பார்க்கின்சன் ஞாபகம் வர வேண்டும். சுவரைத் தடவியபடி வருகிறவர் வீட்டிலும் அலமாரியையும் டி.வி. ஸ்டாண்டையும் பிடித்துத்தான் நடக்கிறார். காலை அகட்டி வைத்து, தரையைப் பார்த்தே நடந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

இன்னொரு தடவை நடக்கச் சொல்லி, பாதி வழியில் "பேத்தி எந்த க்ளாஸ் படிக்கிறா?" என்று பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறவர், நிற்காமல் பேசிக்கொண்டே நடப்பவரைவிட விழும் வாய்ப்பு அதிகம் உள்ளவர். 1997இல் ஸ்வீடனில் கவனித்துச் சொன்னது இது. செலவில்லாத சோதனை.

வழக்கமான தவறுகள். நம் ஊரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவார்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வைத்துவிடுவோம். வெளியே எதைப் போட்டு நடக்கிறாரோ அதைப் போட்டு வராண்டாவில் நடக்கட்டும். அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க நர்ஸைப் பழக்குங்கள். குதிகால் ஒருபக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகிப்போன ரப்பர் செருப்பு பலபேருடையது. இன்னொன்றும் தெரியும்: புடவைக் கொசுவமும் வேட்டி நுனியும் தரையைத் தொட்டால், எழும்போதே காலுக்கடியில் மாட்டும். சோதனைக்கு முன் இடுப்பில் செருகச் சொல்லுங்கள். வீட்டிலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

## படி 3: தொடையும் சமநிலையும்

கை இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரை ஆண் 12க்கும் பெண் 10க்கும் குறைந்தால் தொடை பலம் போதாது. 75 முதல் 79 வரை ஆணுக்கு 11, பெண்ணுக்கு 10. 80 முதல் 84 வரை 10, 9. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். முட்டிவலிக்காரர் முதலிலேயே மறுப்பார். வற்புறுத்த வேண்டாம், "கை ஊன்றாமல் எழ முடியவில்லை" என்று எழுதுங்கள்.

சமநிலைக்கு நாலு நிலை: பாதங்களைச் சேர்த்து, ஒரு பாதத்தை அரை அடி முன் நகர்த்தி, ஒன்றின் குதிகாலை இன்னொன்றின் விரலில் முட்டவைத்து நேர்கோட்டில், கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் 10 விநாடி. மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் அபாயம். சமையல் மேடை உயரத்துக்குப் பிடிமானம் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

## படி 4: படுக்கவைத்து, நிற்கவைத்து பி.பி.

அதிகம் விட்டுப்போவது இந்தப் படி.

1. 5 நிமிஷம் படுக்க வைத்து பி.பி.யும் நாடியும் பாருங்கள்.
2. எழுந்து நிற்க வையுங்கள். 1 நிமிஷத்தில் ஒரு தடவை, 3 நிமிஷத்தில் ஒரு தடவை.
3. நிற்கும்போது கை தொங்கக் கூடாது. இதய மட்டத்தில் நர்ஸ் தாங்கிப் பிடிக்கட்டும்.
4. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நிற்கும்போது பி.பி. விழுகிறது என்று அர்த்தம். எண் இறங்காமலே கண் இருட்டினாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதியில் தலை சுற்றினால் உடனே படுக்க வையுங்கள். எண்ணை முடிக்க வேண்டும் என்று நிற்க வைத்திருக்காதீர்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் நீங்கள் தனியாக இருக்கும்போது இந்தச் சோதனையே வேண்டாம்.

பி.பி. இறங்கியும் நாடி ஏறவே இல்லையென்றால், நீண்டநாள் சர்க்கரையிலோ பார்க்கின்சனிலோ தன்னியக்க நரம்பு பழுதாகியிருக்கலாம். நாடி நன்றாக ஏறினால் உடம்பில் நீர் குறைவா, இரத்தம் குறைவா என்று பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது சாதாரணம். உட்கார்ந்து பார்த்து நின்று பார்த்தால் இறக்கம் குறைவாகத்தான் காட்டும். அதில் சரியாக வந்தது என்று விட்டுவிட வேண்டாம்.

மார்கழிக் காலையை இதோடு சேர்த்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றோடு, தண்ணீர் தெளித்த வாசலில் குனிந்து கோலம் போட்டுவிட்டுச் சட்டென்று நிமிர்கிற பாட்டிக்கு பி.பி. விழ இதைவிடத் தோதான வேளை கிடையாது. கோலத்தை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து போடச் சொல்லலாம். எழுமுன் பாதத்தை ஆட்டி, நிலைப்படியைப் பிடித்து மெதுவாக நிமிரச் சொல்லலாம். அது நடக்கும்.

## படி 5: மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

மேசையில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்து, பையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். பெயர் இருக்கும் பக்கம் வெட்டப்பட்ட ஸ்ட்ரிப், காலாவதியானது, சம்சாரத்தின் மாத்திரை, லேகிய டப்பா எல்லாம் வரும். நம் பகுதி முதியவருக்கு இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், புராஸ்டேட்டுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர். நாலு பேர் எழுதியதையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்.

தேடி எடுக்க வேண்டியவை:

- தூக்கத்துக்கு: அல்பிரசோலம், குளோனசெபம். பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கியிருப்பார்கள்.
- புராஸ்டேட்டுக்கும் பி.பி.க்கும்: டாம்சுலோசின், பிராசோசின். இரவு போட்டுக்கொண்டு இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழுகிறார் என்றால் கூடுதல் கவனம்.
- நரம்பு எரிச்சலுக்கு: பிரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின்.
- தலைசுற்றலுக்கு: சின்னரிசின், புரோகுளோர்பெரசின். சில நாளைக்கு என்று எழுதியது மாதக்கணக்கில் ஓடும். தள்ளாட்டத்துக்காகத் தின்கிற மாத்திரையே பார்க்கின்சன் போன்ற நடையைக் கொண்டுவரும். அதற்கு இன்னொரு மாத்திரை சேரும்.
- சர்க்கரைக்கு: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு. ஏகாதசி, பிரதோஷம், சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு, ரம்ஜான் நோன்பு இருக்கிறாரா என்று கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடராதீர்கள். விரத நாளில் விழுந்தவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம்.
- நீர் மாத்திரை: சோடியம் அளவைப் பாருங்கள். சோடியம் குறைந்தாலே நடை தள்ளாடும்.

தனியாக ஒரு பட்டியல்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அசினோகூமரால் போன்ற இரத்தம் உறையாமல் தடுப்பவை. இவை விழ வைப்பதில்லை. ஆனால் இவற்றைச் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு விழுந்தால், அன்றே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

பாதுகாப்பு. கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் போவதோடு ஃபிட்ஸும் வரலாம். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பீட்டா பிளாக்கரும் அப்படித்தான். மற்ற டாக்டர் எழுதியதை மாற்றுமுன் அவரிடம் போனில் பேசுங்கள். ஒரு வருகையில் ஒரு மாத்திரையை மட்டும் மாற்றுங்கள்; இல்லையென்றால் எதனால் தேறினார் என்றே தெரியாது.

## படி 6: கண், காது, பாதம்

இவற்றை விரைவாக முடிக்கலாம். ஒவ்வொரு கண்ணாகப் பார்வை பாருங்கள். புரை முற்றியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். பைஃபோகல் கண்ணாடியோடு மாடிப்படி இறங்கினால் படி மங்கலாகத் தெரியும். படுக்கையில் புரண்டால் ஒரு நிமிஷத்துக்குள் சுற்றி அடங்கும் தலைசுற்றல் காதிலிருந்து வருவது. டிக்ஸ்-ஹால்பைக் செய்து உறுதிப்படுத்தி எப்ளி முறை செய்தால் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது. சாக்ஸைக் கழற்றிப் பாதம், நகம், ஆணி பாருங்கள். மோனோஃபிலமென்ட், ஃபோர்க் வையுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் பல வருஷமாக மெட்ஃபார்மினில் இருந்தால் பி12 கேளுங்கள்.

## படி 7: வீட்டை வீடியோவில் பாருங்கள்

வீட்டுக்குப் போக உங்களுக்கு நேரம் கிடைக்காது. ராத்திரி எரிகிற விளக்கு மட்டும் எரியட்டும், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பெண்ணுக்கும் இதே வீடியோ உபயோகப்படும்.

பார்க்க வேண்டியவை: நகரும் கால்மிதி, குறுக்கே ஓடும் வயர், உயர்ந்த வாசப்படி, எப்போதும் ஈரமான பாத்ரூம் தரை, எண்ணெய்க் குளியல் அன்று கழுவாத வழுக்கல், குந்தி எழ வேண்டிய இந்திய டாய்லெட். ஸ்டீல் டவல் ராடைப் பிடித்து எழுகிறாரா என்று கேளுங்கள். அது ஆள் பாரத்தைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் துளைத்து மாட்டும் கைப்பிடி வேண்டும், டாய்லெட் பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. குளிக்க ஸ்டூல், அடியில் ரப்பர் புஷ் உள்ளதாக. பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்.

## படி 8: பிரித்து அனுப்புங்கள்

உயர்ந்த அபாயம்: போன வருஷம் விழுந்ததோடு இவற்றில் ஒன்றாவது இருந்தால்: காயம், இரண்டு அல்லது அதற்கு மேல் விழுந்தது, நினைவு தப்பியது, எழ முடியாமல் தரையில் கிடந்தது, மொத்தமாகத் தளர்ந்த உடம்பு. முதியோர் மருத்துவரிடம் அனுப்புங்கள். செலவு செய்ய முடியாதவருக்குக் கிண்டி மையமும் அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நடுத்தரம்: ஒரு தடவை விழுந்தவர், நடை மெதுவானவர். பிசியோதெரபிஸ்ட் வகுத்துத் தரும் சமநிலை, தொடைப் பயிற்சி, வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். "தினமும் நாகேஸ்வர ராவ் பார்க்ல நாலு ரவுண்டு போறேனே டாக்டர்" என்பார். நல்லது, ஆனால் நடை மட்டும் விழுவதைத் தடுப்பதில்லை. மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது ஆகியவையும் சேர வேண்டும்.

குறைந்தது: அடுத்த வருஷம் இதே மூன்று கேள்வி.

எந்தப் பிரிவானாலும் "இனிமே வெளிய போகாதீங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் உட்கார்ந்தால் தொடை இன்னும் மெலியும்.

## விழுந்துவிட்டார் என்று போன் வந்தால்

1. அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்.
2. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? காலை ஊன்ற முடியவில்லையா? இடுப்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108.
3. தலையில் பட்டதா, இரத்தம் உறையாத மாத்திரை உண்டா? உடனே ஸ்கேன்.
4. இரண்டும் இல்லையென்றால், ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்துத் தானே எழட்டும்.
5. அடுத்த சில வாரங்களில் தூக்கம் அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ, தலைவலி விடாவிட்டாலோ உடனே அழைத்துவரச் சொல்லுங்கள். மூளையின் மேலுறைக்கடியில் மெதுவாக இரத்தம் கசிவது இப்படித்தான் தெரியவரும்.

## கேஸ் ஷீட்டில் எழுதுவது

மந்தைவெளியிலிருந்து வருகிற 76 வயதுப் பெண் ஒருவரை வைத்து மாதிரிக்கு:

"விழுந்தது 1, பாத்ரூம், காலை 5 மணி, தானே எழுந்தார், நினைவு இருந்தது. நடை 16 விநாடி. 30 விநாடியில் 7 தடவை எழுந்தார். படுத்து 146/80, நின்று 1 நிமிஷம் 120/72, தலைசுற்றல். அல்பிரசோலம் 4 வருஷமாக. இரத்தம் உறையாத மாத்திரை இல்லை. செய்தது: அல்பிரசோலத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது, பிசியோ சீட்டு, கைப்பிடி சொன்னது. 2 வாரத்தில் வரச் சொன்னது, நின்ற பி.பி. திரும்பப் பார்க்க வேண்டும். அவர் சாப்பிடும் பிராசோசின் பற்றி இதய டாக்டரிடம் பேச வேண்டும்."